‘ஏணி’ வெளியாகும் நாள்

குஜிலியம்பாறையில் மழை எப்போது வரும் என்று கேட்டால் வானத்தை அண்ணாந்து பார்த்தாவது ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். ‘ஏணி’ எப்போது வரும் என்று கேட்டால் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே அந்த ஊர் நூலகப் பணியாளர் கருப்பணனுக்குத் தெரியாது.

‘ஏணி’ சுவரில் சாத்துகிற சாமான் இல்லை. மாதப் பத்திரிகை. திண்டுக்கல்லில் தலைமையகம் வைத்திருந்த நூலகச் சமூக முன்னேற்ற மன்றம் அதை நடத்தியது. சுற்றுவட்டாரச் சிறு நூலகங்களையெல்லாம் மேய்த்ததும் அதே மன்றம்தான். எந்த ஊர் நூலகத்தில் எந்த வேலை காலி, யாருக்கு என்ன பயிற்சி, எவருக்கு என்ன உயர்வு என்கிற சேதியெல்லாம் ‘ஏணி’யில் மட்டும்தான் வரும். வேறு எங்கும் வரக்கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். நூலகத்தில் இருப்பவன் நூலகச் சேதியை நூலகப் பத்திரிகையில்தான் படிக்க வேண்டும், டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டால் அது நூலகத்துக்கே இழுக்கு என்று அந்தத் தீர்மானத்துக்கு விளக்கவுரையும் இருந்தது.

கருப்பணன் பகுதிநேரப் பணியாளன். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும். காலையில் கதவைத் திறந்து, கூட்டி, பானையில் தண்ணீர் நிரப்பி, பத்திரிகைகளைப் பிரித்து வைத்து, சந்தை நாளில் நிழலுக்கு ஒதுங்கும் ஆட்டுக்குட்டிகளைச் சரித்திரப் பகுதியிலிருந்து விரட்டி, ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகும்வரை எல்லாம் அவன்தான். இதற்கு மேல் ஒரு நேரம் இருந்திருந்தால் மன்றம் அதையும் பகுதியில் சேர்த்திருக்கும்.

மன்றத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. பகுதிநேரப் பணியாளர் முப்பத்தைந்து வயது முடிவதற்குள் நிரந்தரப் பதவி ஒன்றைப் பிடித்துவிட வேண்டும். பிடிக்காதவருக்கு ‘வளர்ச்சியில் நாட்டமில்லாதவர்’ என்று பட்டம் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கருப்பணனுக்கு வருகிற தை மாதம் முப்பத்தைந்து முடிகிறது. வீட்டுக்கு அனுப்பினால் போவதற்கு வீடு இருந்தது. சாப்பிடத்தான் ஒன்றும் இல்லை. அவன் பங்குக்கு வந்த மானாவாரிக் காட்டில் கல்லும் கள்ளியும் நன்றாக விளைந்தன.

ஆகவே அவன் ‘ஏணி’க்காகக் காத்திருந்தான். அதுவும் வரத்தான் செய்தது. ஆனியில் வந்த இதழில் சின்னாளப்பட்டி நூலகத்தில் நிரந்தரப் பதவி காலி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வைகாசி மாதத்திலேயே போய்விட்டிருந்தது. அடுத்த இதழில் தாடிக்கொம்பு. அதன் கடைசி நாளும் இதழ் வருவதற்கு முன்பே காலாவதி. அதற்கடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே ஒரு தலையங்கம்: ‘இரண்டு நல்ல பதவிகளுக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. நம் சமூகம் உறங்குகிறதா?’

கருப்பணன் அதை வாய்விட்டுப் படித்தான். அவன் மனைவி பேச்சாயி அடுப்படியில் வெஞ்சனத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு உறங்குறதாம்?” என்றாள்.

“நான்தானாம்.”

“நீ உறங்குறது எனக்குத்தேன் தெரியும். திண்டுக்கல்லுல இருக்கவனுக்கு எப்பிடித் தெரியுது? போயி ஒரு எட்டுக் கேட்டுட்டு வாயேன். பத்திரிகை முந்தியா, கடைசித் தேதி முந்தியான்னு.”

கேட்கப் போவதும் அவ்வளவு சுலபமாக இல்லை. நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கருப்பணன் வெள்ளிக்கிழமை பஸ் ஏறித் திண்டுக்கல் போனான். மன்ற அலுவலகமும் நூலகத்தைச் சேர்ந்ததுதானே, வெள்ளிக்கிழமை விடுமுறை என்று கதவில் எழுதிப் போட்டிருந்தது. வேறு கிழமையில் போக வேண்டுமானால் லீவு போட வேண்டும். லீவு வேண்டுமானால் மன்ற அலுவலகத்தில் நேரில் வந்து கேட்க வேண்டும். கடைசியில் அவன் தலைவலி என்று கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் புதன்கிழமை கிளம்பினான். திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் அந்தத் தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது.

மன்றச் செயலாளர் நல்லுசாமி நல்ல சதைப்பிடிப்பான மனிதர். வெள்ளைவேட்டி, வெள்ளைச்சட்டை, தோளில் அகலக் கரைத் துண்டு. எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலும் ஒரு மைதானத்துக்குப் பேசுவது அவர் வழக்கம்.

“ஐயா, ‘ஏணி’ அச்சாகிறது எப்பங்க?” என்று கருப்பணன் கேட்டான்.

“மாதம் பிறக்குமுன் அச்சாகிவிடும். ஒரு நாள் பிந்தியதில்லை. அந்தப் பெருமை இந்த மன்றத்துக்கு உண்டு.”

“பெறகு எங்களுக்கு வர்றது ஏங்க கடைசித் தேதி தாண்டி வருது?”

நல்லுசாமி கண்ணை மூடித் திறந்தார். “தம்பி, அச்சானால் அது காகிதம். வெளியிட்டால்தான் பத்திரிகை. ஒவ்வோர் இதழுக்கும் வெளியீட்டு விழா உண்டு. பிரமுகர் ஒருவர் நாடாவை வெட்டி, முதல் பிரதியை எடுத்து உயர்த்திக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் தபாலில் சேர்ப்போம். பிரமுகர் என்றால் அவருக்கும் தோதுப்பட வேண்டுமல்லவா? அவருக்குத் தோதுப்படும் நாளே நமக்கு நன்னாள்.”

“அதுக்குள்ள கடைசித் தேதி போயிருதுங்களே.”

“போகும். தேதியின் இயல்பு போவது. விழாவின் இயல்பு நிலைப்பது. ஒரு பதவி ஒருவனுக்குத்தான் பயன்படும், தம்பி. ஒரு விழா ஊருக்கே பயன்படும். எது பெரிது என்று நீயே சொல்.”

கருப்பணன் குரலைத் தாழ்த்தினான். “அப்ப இந்த மாசம் எந்த ஊருல காலின்னு மட்டும் வாய்வார்த்தையாச் சொல்லிருங்க சாமி. நான் யாருகிட்டயும் மூச்சுவிட மாட்டேன்.”

நல்லுசாமி துண்டைச் சரிசெய்தார். “வெளியிடாத செய்தியைக் கேட்கிறாய். இது கல்யாணத்துக்கு முன்பே பெண்ணை அழைத்துப் போவது போன்ற காரியம். நூலகச் சமூகத்தில் பிறந்த ஒருவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைக்கவில்லை.”

கருப்பணன் பிறந்தது குஜிலியம்பாறைக்குக் கிழக்கே ஒரு மாட்டுக்கொட்டத்தில். ஆனாலும் அவனுக்குத் தலை குனிந்துவிட்டது.

அங்கிருந்து நேராக அச்சகத்துக்குப் போனான். ‘ஏணி’யை அச்சடிக்கும் ஜமால் முகமது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தார்.

“பாய், இந்த மாச ‘ஏணி’யில என்ன போட்டிருக்கு?”

“அப்பு, நாங்க எழுத்தைக் கோக்கிறவங்க. படிக்கிறவங்க இல்லை. அதுவும் தலைகீழாக் கோக்குறோம். படிச்சாலும் தலைகீழாத்தேன் விளங்கும்.”

“ஒரே ஒரு ஊர்ப் பேரு பாய்.”

“ஊர்ப் பேரைச் சொன்னா அடுத்த மாசம் இந்த வேலையை நெல்லுப்பேட்டை அச்சகக்காரனுக்குக் கொடுத்துருவாங்க. எனக்கும் குடும்பம் இருக்கு. இந்தா, டீ குடிச்சிட்டுப் போ.”

டீயைக் குடித்துவிட்டு அவன் யோசித்தான். பத்திரிகை விழாவில்தான் வெளியாகிறது என்றால் விழாவிலேயே நின்றுகொள்ள வேண்டியதுதான். நாடா வெட்டியதும் முதல் பிரதியைப் பார்த்துவிட்டால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். மறுநாளே விழாக் குழுவில் தொண்டனாகச் சேர்ந்தான். மன்றம் அவனை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அதற்கு வயது வரம்பும் இல்லை.

தொண்டர்களில் தாடிக்கொம்பு நூலகத்தைக் கூட்டிப் பெருக்கும் லூர்தம்மாளும் ஒருத்தி. அவளும் பகுதிநேரம். அவளுக்கும் முப்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. மாலை கட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “எங்க ஊர்ல பதவி காலின்னு எனக்கே தெரியாதுண்ணே. நான் கூட்டுற ரூமுக்குள்ளதான் அந்த நாற்காலி கெடந்துச்சு. தெனமும் தூசி தட்டினேன். ‘ஏணி’யைப் பாத்துத்தேன் அது காலின்னு தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள தேதி போச்சு.”

“இப்ப அந்த நாற்காலி எங்க?”

“ஆள் வராததால பதவியையே எடுத்துட்டாங்க. நாற்காலி மட்டும் இங்க மேடைக்கு வந்துருச்சு. அந்தா, தலைவருக்குப் போட்டிருக்காங்க பாருங்க.”

அந்த மாத விழாவுக்குத் தோல் கிடங்கு முதலாளி ஒருவர் வந்தார். புத்தகத்துக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு பற்றி நல்லுசாமி வெகுநேரம் வரவேற்புரை ஆற்றினார். பழங்காலத்தில் புத்தகங்களுக்குத் தோல் அட்டை போட்டார்கள், ஆகவே முதலாளி நூலகத்தின் மேல்தோல் என்றார். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். பட்டு நாடாவால் கட்டிய பொட்டலத்தை வெட்டினார். மேலே இருந்த பிரதியை எடுத்து உயர்த்தினார். கைதட்டல் ஓய்வதற்குள் கருப்பணன் எட்டி அதைப் புரட்டிப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. அட்டை மட்டும்தான்.

“உள்ள இருக்கிற பக்கம் எங்கங்க?”

“முதலாளிக்கு அடுத்த வாரம் கல்கத்தா போக வேண்டியிருந்தது,” என்றார் நல்லுசாமி. “அதனால் விழாவை முன்கூட்டியே வைத்துவிட்டோம். இன்று அட்டையை வெளியிட்டோம். உள்பக்கங்களுக்குத் தனி விழா.”

உள்பக்கங்களுக்கான விழா ஐப்பசியில் நடந்தது. அதற்கும் அடுத்த மாதம், இத்தனை விழா நடத்தியும் ஏன் யாரும் விண்ணப்பிப்பதில்லை என்று மன்றம் கவலைப்பட்டு, ‘வாய்ப்புகளும் நூலகரின் அலட்சியமும்’ என்று கருத்தரங்கு ஒன்று கூட்டியது. பொருளை விளக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. கருப்பணனை மேடையேற்றி நிறுத்தினார்கள்.

“இதோ நிற்கிறாரே, இவர்தான் விண்ணப்பிக்காதவர்,” என்று நல்லுசாமி அறிமுகப்படுத்தினார். “ஒரு முறை அல்ல. ஒவ்வொரு முறையும் விண்ணப்பிக்காதவர். பெருமக்களே, இவரை நன்றாகப் பாருங்கள். கை இருக்கிறது. பேனா இருக்கிறது. நாம் வாய்ப்பைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். இவர் தவறவிட்டுக்கொண்டே இருக்கிறார். இவரைப் போன்றவர்கள் இல்லையென்றால் இந்த மன்றத்துக்கு என்ன வேலை என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு வேலையும் இல்லை.”

கூட்டம் கை தட்டியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கருப்பணனின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, ஆள் திடமாகத்தான் இருக்கிறான் என்று பக்கத்தில் சொன்னார். கருப்பணனுக்கு ஏதோ பரிசு வாங்கியதுபோலவும் இருந்தது, திருடிப் பிடிபட்டதுபோலவும் இருந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினான்.

வீட்டில் அவன் இதைச் சொன்னபோது பேச்சாயி சிரிக்கவில்லை. “தை பெறக்கப் போகுது,” என்றாள். “மேடையில நிக்கிறவனுக்கு எந்த ஊர்லயாவது சோறு போடுறாங்களா?”

மார்கழி இதழுக்கான விழா மன்ற மண்டபத்திலேயே ஏற்பாடாகியது. மண்டபத்தை ஒட்டிய அடுத்த அறைதான் தேர்வுப் பிரிவு. விண்ணப்பங்களை வாங்குகிற இடம் அது. நடுவில் ஒரு கதவு மட்டும்தான். தை பிறப்பதற்கு முன் வரும் கடைசி இதழ் இதுதான். கருப்பணன் விண்ணப்பத்தை முன்கூட்டியே எழுதி, பதவியின் பெயரையும் ஊரின் பெயரையும் மட்டும் வெற்றிடமாக விட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தான்.

பிற்பகலில் ஜமால் முகமது பொட்டலத்தைக் கொண்டுவந்து இறக்கினார். நாடாவை இழுத்துக் கட்டிக்கொண்டே கருப்பணனைப் பார்க்காமல் பேசினார்.

“கடைசித் தேதி இன்னைக்குத்தேன். அஞ்சு மணி. நான் ஒண்ணும் சொல்லலை.”

“எந்த ஊரு பாய்?”

“அந்த வரியைக் கோத்தது வேற ஆளு. அவருக்கு இன்னைக்குக் காய்ச்சல்.” இரண்டு முடிச்சாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

விழா இரண்டு மணிக்கு. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர். அவர் மூன்றரைக்கு வந்து சேர்ந்தார். எடுத்துக்கொண்ட தலைப்பு ‘நேரத்தின் அருமை’. அதற்கு முன் கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, அறிமுகவுரை, அறிமுகம் செய்தவருக்கு அறிமுகம், ஒலிபெருக்கி தந்தவருக்குப் பாராட்டு எல்லாம் நடந்தன. மேடையில் இருந்த ஒவ்வொருவரையும் ஒவ்வொருவரும் பெயர் சொல்லி ‘அவர்களே’ என்று விளித்ததில் மட்டும் பாதி மாலை போயிற்று.

கருப்பணன் மேடையோரத்தில் தாம்பாளம் ஏந்தி நின்றான். தாம்பாளத்தில் சந்தனம், எலுமிச்சம்பழம், கத்தரிக்கோல். எதிரில் மேசைமேல் பொட்டலம். பொட்டலத்துக்குள் அவனுடைய சோறு. சுவர்க்கடிகாரத்தில் நாலே முக்கால்.

“நேரம் என்பது என்ன?” என்று டெபுடி கலெக்டர் கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்தார். “என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். நான் தாசில்தாராக இருந்தபோது ஒரு விவசாயி என்னிடம் மனுக் கொண்டுவந்தான். ஒரு நிமிஷம் பிந்திவிட்டான். நான் வாங்கவில்லை. அழுதான். நானும் உள்ளுக்குள் அழுதேன். ஆனால் வாங்கவில்லை. அன்று முதல் அந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் நேரத்தின் அருமை தெரிந்துவிட்டது. அவன் குடும்பம் பிறகு ஊரைவிட்டே போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அவர்கள் எங்கிருந்தாலும் நேரத்தோடு இருப்பார்கள்.”

நல்லுசாமி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

நாலு ஐம்பது. டெபுடி கலெக்டர் தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்த காலத்துக்குப் பின்வாங்கினார். லூர்தம்மாள் மேடைக்குக் கீழே நின்று கருப்பணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான். கத்தரிக்கோல் தட்டில் மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைச் சகிக்க மாட்டாமல்தான் அதை எடுத்ததாக அவன் பின்னால் விசாரணையில் சொன்னான். எடுத்தபின் அதை வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் சொன்னான்.

தாம்பாளத்தை நல்லுசாமியின் மடியில் வைத்தான். மேசையண்டை போனான். நாடாவை வெட்டினான். மேல் பிரதியை எடுத்து, பழக்க தோஷத்தில் ஒரு முறை உயர்த்திக் காட்டியும் விட்டான். கூட்டமும் பழக்க தோஷத்தில் கை தட்டிவிட்டது. டெபுடி கலெக்டர் கைதட்டல் தனக்கென்று நினைத்துக் குனிந்து வணங்கினார்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது: திண்டுக்கல் மைய நூலகம், நிரந்தரப் பணியாளர், ஒருவர். கருப்பணன் மேசைமேலேயே வெற்றிடத்தை நிரப்பிவிட்டு நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குள் ஓடினான்.

தேர்வுப் பிரிவில் எழுத்தர் மொக்கைச்சாமி மட்டும் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி விண்ணப்பத்தைப் பார்த்தார்.

“நேரத்துக்கு வந்திருக்கியே,” என்றார், ஏதோ உடம்புக்கு வந்ததுபோல.

“ஆமாங்க. சீக்கிரம் முத்திரை குத்துங்க.”

“எங்கிட்டக் ‘காலங்கடந்தது’ முத்திரைதான்யா இருக்கு. இத்தனை வருசமா அது ஒண்ணுதானே செலவாகுது. ‘பெறப்பட்டது’ன்னு ஒண்ணு வாங்கித்தான் வச்சாங்க. செத்த இரு.” அலமாரியைக் குடைந்து, வாங்கிய கடைத்தாள்கூடப் பிரிக்காத முத்திரையை எடுத்தார். மைப்பெட்டி காய்ந்து கிடந்தது. நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஐந்து அடிப்பதற்குள் குத்திவிட்டார். குத்தியபின் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தான்யா இருக்கு எழுத்து,” என்றார்.

ஒரே பதவி, ஒரே விண்ணப்பம். பேச்சாயி பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லிவிட்டாள். திண்டுக்கல்லில் வீடு பார்க்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் நன்றாக இருக்கும் என்றெல்லாம் விசாரித்தாள்.

மன்றத்தின் செயற்குழு கூடியது. கூடியவர்களுக்கு ஒரே தலைவேதனை. வெட்டக் கூடாத ஆள் வெட்டியதால் இதழ் வெளியாகவில்லை என்று வைத்துக்கொள்வதா? அப்படியென்றால் விழாவே நடக்கவில்லை என்றாகிவிடும். ஆனால் விழா இனிதே நடந்தது என்று அடுத்த இதழுக்குச் சேதி எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஜமால் முகமது கோத்தும்விட்டார். கோத்ததைக் கலைப்பது மன்றத்தின் மரபில் இல்லை.

நல்லுசாமிதான் வழி கண்டார். கருப்பணனைக் கூப்பிட்டு நிறுத்தி, நிறைந்த முகத்தோடு பேசினார்.

“தம்பி, மன்றம் உங்களைத் தண்டிக்கும் என்று நினைத்தீர்கள். மன்றம் தாய் போன்றது. இதழ் வெளியானது உண்மை. வெளியிட்டவர் யாரோ அவரே சிறப்பு விருந்தினர், இது விதி. நாடாவை வெட்டியது நீங்கள். ஆகவே நீங்கள் சிறப்பு விருந்தினர். டெபுடி கலெக்டர் அவர்களை வாழ்த்துரை என்று மாற்றிக்கொண்டோம். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். போகட்டும். இன்று முதல் நீங்கள் பிரமுகர்.”

நீங்கள் என்று அவர் சொன்னபோதே கருப்பணன் ஓர் அடி பின்னால் நகர்ந்தான். பொன்னாடை போர்த்தினார்கள். வியர்த்துக்கொண்டே கேட்டான்: “அந்த வேலைங்க?”

“எந்த வேலை?”

“மைய நூலகத்து வேலை. நான் ஒருத்தன்தானே கேட்டிருக்கேன்.”

நல்லுசாமி சிரித்தார். “பிரமுகர் ஒருவர் நம்மிடம் வந்து வேலை கேட்பதா? அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் உயிரோடு இருப்பதா? உங்கள் விண்ணப்பத்தைத் தகுதி மிகுதி என்று குறித்துத் தள்ளுபடி செய்துவிட்டோம். இந்த மன்றத்தின் வரலாற்றில் நேரத்தோடு வந்த முதல் விண்ணப்பம் அது. கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டப் போகிறோம்.”

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்தவனைப் பேச்சாயி ஏற இறங்கப் பார்த்தாள். “வேலை கெடச்சுச்சா?”

“பிரமுகராக்கிட்டாங்க.”

“அதுக்கு மாசம் எம்புட்டுத் தருவாங்க?”

கருப்பணன் பொன்னாடையை மடித்து வைத்தான். பேச்சாயி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஜரிகை சாயம் போகும் என்றாள்.

தை பிறந்தது. முப்பத்தைந்து முடிந்தது. வளர்ச்சியில் நாட்டமில்லாதவர் என்று கடிதம் வந்தது. அதே உறையில் மாண்புமிகு பிரமுகருக்குப் பொங்கல் வாழ்த்தும் வந்தது. குஜிலியம்பாறைப் பகுதிநேரப் பணி காலி என்று தை இதழில் போட்டாகிவிட்டது, புதிய ஆள் வந்ததும் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். தன் வேலை போன செய்தி ‘ஏணி’க்குள் இருக்கிறது என்று அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

நாலு நாள் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சாயி தன் தம்பிக்கு ஆள் அனுப்பினாள். அவன் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் மூட்டை ஏற்றுகிறவன். அத்தானுக்கு முதுகு தாங்குமா என்று பதில் கேட்டனுப்பியிருந்தான்.

ஐந்தாம் நாள் நூலக வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. நல்லுசாமியும் செயற்குழுவினரும் எலுமிச்சம்பழமும் மாலையுமாக இறங்கினார்கள். டெபுடி கலெக்டர் பட்ட அவமானம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவி, பிரமுகர்கள் எல்லாரும் ‘ஏணி’ மேடைக்கு வர மறுத்துவிட்டார்களாம். பிரமுகர் பட்டியலில் மிஞ்சியிருப்பவர் ஒரே ஒருவர்தான்.

“தாங்கள்தான் தை இதழை வெளியிட்டுத் தர வேண்டும்,” என்றார் நல்லுசாமி. “தங்களுக்குத் தோதுப்படும் நாளைச் சொன்னால் போதும்.”

கருப்பணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அப்படி ஒரு காட்சியை அவன் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மெதுவாகக் கேட்டான்.

“இதழ் வெளிவந்து, ஒருத்தன் மனுப்போட்டு, எடம் ரொம்புற வரைக்கும் இங்க யாரு பாத்துக்கிறது?”

“தாங்கள்தான். சாவி தங்களிடம்தானே இருக்கிறது.”

“சம்பளம்?”

“சாவி இருக்கும் இடத்துக்குப் போகும். அது விதி.”

“கடைசித் தேதி தாண்டிப்போச்சுன்னா?”

“அடுத்த இதழில் மறுபடி விளம்பரம். அதையும் ஒரு பிரமுகர்...” நல்லுசாமி சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

கருப்பணன் மாலையை வாங்கிப் பக்கத்தில் வைத்தான். “இந்த மாசம் எனக்குத் தோதுப்படாதுங்க,” என்றான்.

மாசி மாதமும் தோதுப்படவில்லை. பங்குனியில் வெயில். சித்திரையில் பேச்சாயி வழியில் ஒரு காதுகுத்து. முந்தைய இதழ் வெளியாகாமல் பிந்தைய இதழை வெளியிடக் கூடாது என்பதால் பொட்டலங்கள் மன்ற மண்டபத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டு போயின. ஒவ்வொரு மாதமும் கார் வந்தது. கார் வருகிற சத்தம் கேட்டால் கருப்பணன் பொன்னாடையைப் போர்த்திக்கொள்வான். நூலகத்தில் அவனுக்கென்று ஒரு கைவைத்த நாற்காலிகூட வந்து சேர்ந்தது. பேச்சாயி வயிறார உண்டு, நிம்மதியாகத் தூங்கினாள். அத்தான் மூட்டை தூக்க வரமாட்டார் என்று தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.

வைகாசியில் ஒரு நாள் லூர்தம்மாள் வந்தாள். தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் வந்து, அங்கே பஸ் மாறி, வெயிலில் வந்து நின்றாள். கையில் ஒரு தாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் ஆரம்பித்தாள்.

“அண்ணே, வாற ஆனியோட எனக்கு முப்பத்தஞ்சு முடியுது. இந்த மாசப் பொட்டலத்துல ஏதோ ஒரு நிரந்தரம் இருக்குன்னு அச்சகத்துப் பாய் சாடையாச் சொன்னாரு. மனு எழுதி வச்சிட்டேன். ஊர்ப் பேரு மட்டும் விட்டு வச்சிருக்கேன். உங்க காலுல வேணும்னாலும் விழுறேன். ஒரு நாளைச் சொல்லுங்கண்ணே. நாளைக்கேன்னாலும் சரி.”

கருப்பணன் அவளைப் பார்த்தான். பொட்டலம் பிரிந்தால் அவளுக்கு ஓர் ஊர்ப் பேர் கிடைக்கும். அதே பொட்டலத்தில் குஜிலியம்பாறை என்றும் மறுபடி போட்டிருக்கிறது. கடைசித் தேதிக்குள் எவனாவது ஒருத்தன் மனுப்போட்டால் சாவி போய்விடும். அவன் வாய் திறந்தான். “நீ வந்து ரொம்ப நேரமாச்சா புள்ளே, தண்ணி குடி” என்று சொல்லத்தான் நினைத்தான். அப்போது தெருவில் எங்கோ ஒரு கார் போகிற சத்தம் கேட்டது. கை தானாகப் பொன்னாடையைத் தேடி எடுத்துத் தோளில் போட்டுவிட்டது.

“லூர்தம்மாள் அவர்களே,” என்று ஆரம்பித்தான். அவள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். “வாய்ப்பு என்பது அவசரப்படுவோருக்கு உரியதல்ல. அது பக்குவப்பட்டோருக்கு உரியது. தனியொருவரின் வயது பெரிதா, ஒரு சமூகத்தின் விழா பெரிதா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தங்களைப் போன்ற தொண்டர்களின் தியாகத்தில்தான் ‘ஏணி’ நிற்கிறது. எனக்கு இந்த மாதம் தோதுப்படவில்லை என்பதை வருத்தத்தோடு தெரிவித்துக்கொண்டு, அடுத்த மாதம் பரிசீலிக்கலாம் என்று கூறி அமர்கிறேன்.”

அவன் உட்கார்ந்தேதான் பேசினான். ஆனாலும் அமர்கிறேன் என்று சொன்னதும் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சாய்ந்துகொண்டான்.

லூர்தம்மாள் மனுவை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை தட்டினாள். கூட்டத்தில் தட்டுகிற மாதிரியே நிதானமாக, ஒழுங்காகத் தட்டினாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தெருவில் இறங்கிப் போனாள். கருப்பணன் நாற்காலியில் இருந்தபடியே இரு கையும் கூப்பி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டான்.